எண்பத்து மூன்று லட்சம் புள்ளிகள்

பேருந்தில் லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததுமே தங்கைக்குக் கண்ணைச் சொருகியது. மூன்று வாரமாக ஒரு நாள் விடாமல் வேலை. ஒருவர் பேசப் பேச, காது கேட்காதவர்கள் படிப்பதற்காக அதை அப்படியே திரையில் தட்டிக் கொடுப்பது அவள் பிழைப்பு. கல்லூரி வகுப்பு, மருத்துவர் அறை, வங்கிக் கூட்டம் என்று எங்கே கூப்பிட்டாலும் போவாள். விரல் பத்தும் வலித்தன, கழுத்து திரும்ப மறுத்தது. ஆனால் இன்றைக்குக் கூப்பிட்டது சொந்த அக்கா, இதற்கு எந்த வாயால் மாட்டேன் என்பாள்?

அக்கா பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தோரு வயதில் ஒரு காய்ச்சல் வந்து இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. அது ஆகி ஆறு வருடம். சைகை மொழி கற்றுக்கொள் என்றால், "இந்த வயசுல கையை ஆட்டி ஆட்டி நான் யார்கிட்டடி பேசப்போறேன்" என்று ஒரே பிடிவாதம். தங்கை முகத்துக்கு நேராக நிதானமாகப் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். மற்றவர்கள் பேசினால் பாதி பிடிபடும், பாதி போய்விடும். தன் குரல் தனக்கே கேட்காததால், ரகசியம் சொன்னால்கூடப் பேருந்து முழுக்கத் திரும்பிப் பார்க்கும்.

அவளுக்கு வேலை ஒரு தொழிற்சாலையில், பெட்டி அடுக்கும் பிரிவில். பத்தொன்பது வருடம் அங்கேயேதான். பெட்டிகள் ஒரு நீளமான பெல்ட்டில் ஓடும். பெல்ட் நிற்கப்போகிறது என்றால் மணி அடிக்கும், உடனே எல்லாரும் கையை எடுத்துவிட வேண்டும். அக்காவுக்காக அவள் மேஜைக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு போட்டிருந்தார்கள். மணி அடித்தால் விளக்கும் எரியும். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் மணி அடித்தது, அக்கா மட்டும் பெட்டி வைத்துக்கொண்டே இருந்தாள். பெட்டி மேல் பெட்டி ஏறி, சிக்கி, பெல்ட் கிழிந்து, இரண்டு நாள் வேலை நின்றுபோனது. விளக்கு எரியவே இல்லை என்கிறாள் அக்கா. எரிந்தது, இவள்தான் கவனிக்கவில்லை என்கிறார் மேற்பார்வையாளர். அலட்சியம் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கு விசாரணை. இதில் கோட்டைவிட்டால் வேலை போயிற்று. காது கேட்காத நாற்பத்தேழு வயதுக்காரிக்கு எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்?

பேருந்து ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் தங்கை கண் விழித்தாள். பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். உள்ளே இருந்தது புத்தம் புதுசு. நான்கு நாளைக்கு முன்னால் அவள் புருஷன் வாங்கி வந்தது.

சில ஆண்பிள்ளைகளுக்கு ஒரு பொருளில் பெரிய எண்ணைக் காட்டிவிட்டால் போதும், மற்ற புத்தியெல்லாம் பின்வாசல் வழியாகப் போய்விடும். "திரையில எண்பத்து மூணு லட்சம் புள்ளி!" என்று பெட்டியைப் பிரிக்கும்போதே குதித்தார் மனுஷர். "உன் பழசுல எவ்ளோ தெரியுமா? வெறும் இருபது லட்சம். இதுல ஒரு எழுத்தைப் பாரு, அச்சடிச்ச மாதிரி நிக்குது."

எழுத்து நின்றது உண்மைதான். "சரிங்க, என் பழசு எங்க?" என்று கேட்டாள்.

"எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துட்டேனே" என்றார், ஏதோ குப்பையைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்த நிம்மதியோடு.

அந்தப் பழசு அழுக்குத் திரை, பல் போன விசைப்பலகை. ஆனால் ஒரு தடவை சார்ஜ் போட்டால் ஆறு மணி நேரம் அசையாது. புதுசு எவ்வளவு நேரம் தாங்கும் என்று யாருக்குத் தெரியும்? நான்கு நாளாக வீட்டில் வயரைச் செருகியே வைத்திருந்தாள். பெட்டியின் மேல் எட்டு மணி நேரம் என்று போட்டிருந்தது. அதை நம்பினாள். அவள் செய்த முதல் தப்பு அதுதான்.

விசாரணை தொழிற்சாலையின் இரண்டாம் மாடியில், பழைய பொருட்கள் வைக்கிற நீள அறையில். சுவருக்கெல்லாம் புதிதாகச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். பிளக் ஒவ்வொன்றின் மேலும் காகிதம் ஒட்டியிருந்தது. மின் வேலை நடக்கிறதாம், கரண்ட் கிடையாது. உயிரோடு இருந்தது ஒரே ஒரு பிளக், அறையின் அந்தக் கோடியில், விசாரணை அதிகாரி மேஜைக்குப் பின்னால். அங்கிருந்து ஒரு நீட்டு வயர் போட்டுத் தருகிறீர்களா என்று வாசலில் இருந்த காவலாளியிடம் கேட்டாள்.

"தரையில வயர் போடக்கூடாதுங்க. போன மாசம் ஒருத்தர் தடுக்கி விழுந்துட்டாரு. பாதுகாப்பு விதி" என்றார் அவர்.

பாதுகாப்பாம்! அக்கா தலைக்கு மேலே விளக்கு எரிகிறதா இல்லையா என்று பார்க்க மட்டும் ஆள் இல்லை. தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதிகாரி வெளியிலிருந்து வந்தவர். முடி நரைத்து, கண் வீங்கி, அவரும் தூங்கி நாளாகியிருக்கும் போலிருந்தது. பேசும்போது தலையைத் தூக்குவதே இல்லை, காகிதத்தோடுதான் பேசினார். வேறு தட்டச்சு ஆள் கிடைக்காததால் உடன்பிறந்தவளை அனுமதிக்கிறேன் என்றார். "ஆனா ஒண்ணு. நீங்க இங்க ஒரு மெஷின் மாதிரி. பேசறதை அப்படியே அடிக்கணும், அவ்ளோதான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னாலோ, ஜாடை காட்டினாலோ, காகிதத்துல எழுதிக் காட்டினாலோ வெளிய போயிடணும். அப்புறம் உங்க அக்கா தனியாத்தான் உக்காரணும். புரியுதா?"

தங்கை தலையாட்டினாள். கைபேசிகளை வாசலில் ஒரு தட்டில் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

பத்து மணிக்குத் தொடங்கியது. அதிகாரியும் அவர் எழுத்தரும் ஒரு பக்கம், கம்பெனி வக்கீலும் மேற்பார்வையாளரும் எதிரே, இந்தப் பக்கம் அக்கா, அவள் தோளை ஒட்டி லேப்டாப்போடு தங்கை. இந்தத் தொழிலில் ஒரு சுத்தம் உண்டு. எதையும் சுருக்கக் கூடாது, நயமாக்கக் கூடாது. இருமினால் இருமல் என்று அடிக்க வேண்டும், சிரித்தால் சிரிப்பு என்று அடிக்க வேண்டும். காதுள்ளவனுக்கு விழுவதெல்லாம் காதில்லாதவள் கண்ணிலும் விழ வேண்டும்.

வக்கீல் ஒரு ஆமை. ஒவ்வொரு காகிதத்தையும் தலைப்பிலிருந்து தேதி வரை வாசித்தார். பத்தே முக்காலுக்குத் தங்கையின் கண் தற்செயலாகத் திரையின் மூலைக்குப் போனது. பேட்டரி எண்பது சதவீதம்.  முக்கால் மணி நேரத்தில் இருபது போய்விட்டதா? இப்படிப் போனால் ஒன்றே முக்காலுக்குள் கதை முடிந்துவிடும். அக்காவைக் கேள்வி கேட்பது கடைசியில்தான்.

பெட்டி பிரித்த அன்று புருஷன் சொன்னது ஞாபகம் வந்தது. புள்ளி அதிகம் இருந்தால் பேட்டரி சீக்கிரம் குறையுமாம், வேண்டுமென்றால் புள்ளிக் கணக்கை, அதுதான் ரெசல்யூஷனை, இறக்கிக்கொள்ளலாமாம். வக்கீல் மூக்கைத் துடைத்த இடைவெளியில் அவள் அதைப் பாதிக்கும் கீழே இறக்கினாள். எண்பத்து மூன்று லட்சத்தில் மிச்சம் பிடித்துவிட்ட நினைப்பு. அடுத்த வரியை அடித்தால், எழுத்தெல்லாம் தண்ணீரில் நனைந்தது போல ஊறிக் கிடந்தது.

அக்கா கண்ணை இடுக்கினாள். வெள்ளெழுத்துக் கண்ணாடியை ஏற்றினாள், இறக்கினாள். பிறகு, "என்னடி மங்கலா இருக்கு!" என்று அறை அதிரச் சொல்லிவிட்டு, யாரையும் கேட்காமல் கையை நீட்டி வெளிச்சப் பொத்தானை அழுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று கடைசிக் கோடு வரைக்கும் ஏற்றிவிட்டாள். திரை பளீரென்று ஆனது. தங்கையால் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது, கையைத் தட்டிவிடவும் முடியாது. ஜாடை என்று வெளியே அனுப்பிவிடுவார்கள். அந்த வெளிச்சத்தில் சதவீதம் மளமளவென்று இறங்குவதைப் பார்த்துக்கொண்டே அவள் தட்டினாள்.

பன்னிரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இடைவெளி விட்டார்கள். அப்போது இருந்தது முப்பத்தெட்டு. தங்கை ஓடினாள். காவலாளி அறையில் கெஞ்சிச் சார்ஜரைச் செருகிவிட்டு, கைபேசியை வாங்கி, பழைய லேப்டாப்பைப் பல தடவை சரிபார்த்துக் கொடுத்த ரிப்பேர்க்காரரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, ரெசல்யூஷனைக் குறைச்சேன். அப்பவும் தின்னுது. இன்னும் ரெண்டு மணி நேரம் எனக்கு இது ஓடியாகணும்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "உங்களுக்கு யாரு சொன்னது அதைக் குறைக்கச் சொல்லி? கண்ணாடியில இருக்கிற புள்ளி அங்கயேதான் இருக்கும், நீங்க குறைச்சா மட்டும் கழண்டு விழுந்துடுமா? புள்ளி நெருக்கமா இருந்தா பின்னாடி இருக்கிற லைட் அதைத் தாண்டி வரணும். அதுக்குத்தான் கரண்ட் அதிகமா போகுது. விளையாட்டு, படம்னு பெரிய வேலை பார்த்தா குறைக்கிறதுல கொஞ்சம் மிச்சமாகும். எழுத்து அடிக்கிறதுக்கு ஒண்ணும் பெருசா கிடையாது."

"அப்போ என்னதான் பண்றது?"

"ரெசல்யூஷனைப் பழையபடி ஏத்துங்க, எழுத்து கூர்மையா வரும். கூர்மையா வந்தா வெளிச்சம் கம்மியா இருந்தாலும் படிக்கலாம். வெளிச்சத்தை மூணுல ஒரு பங்காக்குங்க. வைஃபை வேண்டாம். அதுக்கு மேல உங்க அதிர்ஷ்டம்."

அப்படியென்றால் காலையிலிருந்து அவள் காப்பாற்ற நினைத்துச் செய்தது அத்தனையும் தலைகீழ். எழுத்தை மங்கலாக்கியது அவள், அந்த மங்கலுக்கு வெளிச்சத்தை ஏற்றியது அக்கா. இரண்டு பேரும் சேர்ந்து பேட்டரியைக் கொளுத்திவிட்டார்கள். சுவரில் சாய்ந்துகொண்டு ஒரு நொடி கண்ணை மூடினாள். அழுகை வந்தது, அழக்கூட அலுப்பாக இருந்தது.

ரெசல்யூஷனை ஏற்றி, வெளிச்சத்தை இறக்கிக்கொண்டு திரும்ப உள்ளே போகும்போது நாற்பத்து மூன்று. நுழைவதற்கு முன்னால் அக்காவை நிறுத்தி, முகத்துக்கு நேராக, "பேட்டரி கம்மி. வெளிச்சத்தைத் தொடாதே" என்றாள்.

அக்கா சரி என்றாள். கொஞ்ச நேரத்தில் வக்கீல் வருகைப் பதிவேட்டை ஆரம்பித்தார். யார் யார் எந்த நாள் வந்தார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று பாராயணம். நான்கு வரி படித்ததும் அக்கா கையை நீட்டி லேப்டாப்பின் மூடியைத் தானே சாத்தினாள். "இதை நான் படிக்க வேண்டாம். எனக்குன்னு கேக்கறப்போ திற" என்று உரக்கச் சொன்னாள். எதையும் விடக்கூடாது என்ற தங்கையின் தொழில் சுத்தம் அங்கேயே அடிபட்டுப்போனது. படிக்கிறவளே வேண்டாம் என்றால் என்ன செய்வது?

கால் மணி நேரம் அக்கா அப்படியே உட்கார்ந்திருந்தாள், கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு. நடுவே மேற்பார்வையாளர் வக்கீலிடம், "மணி அடிச்சா தெருநாய்கூட ஓடுது சார், இவங்க நகரலை" என்றார். வக்கீல் சிரித்தார். சுண்ணாம்பு அடிக்கிறவன்கூட வாசலில் நின்று சிரித்தான். எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து அக்காவும் லேசாகச் சிரித்து வைத்தாள்.

 தங்கை எழுந்து நாலு வார்த்தை கேட்டிருப்பாள். கேட்டால் வெளியே, வெளியே போனால் அக்கா தனியே. விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அவளைப் பார்த்த அக்காவுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். சிரிப்பு நின்றது. மூடியைத் திறக்கச் சொல்லித் தட்டினாள்.

அப்புறம் மேற்பார்வையாளரின் வாக்குமூலம். "விளக்கு எரிஞ்சுது சார். என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன். இவங்கதான் தலையைத் தூக்கலை." தங்கை அடித்தாள். அக்கா படித்தாள். படித்துவிட்டு மேற்பார்வையாளரை ஏறிட்டுப் பார்த்தாள், அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஒன்றே முக்காலுக்கு அக்காவின் முறை வந்தது. மூலையில் எட்டு. ஒரு சதவீதத்துக்கு இரண்டு நிமிடம் வைத்தாலும் கால் மணி நேரம் வரும் என்று தங்கை மனசுக்குள் கணக்குப் போட்டாள். பூஜ்யம் வரைக்கும் ஓடும் என்று நினைத்து. பழைய லேப்டாப் அப்படித்தான், கடைசிச் சொட்டு வரைக்கும் உழைத்துவிட்டுத்தான் விழும். புதுசுக்கு வேறு குணம், ஐந்தைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுவாகவே தூங்கிப்போகும். அதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

பெயர், வயது, எத்தனை வருட வேலை. அக்கா கணீர் கணீரென்று பதில் சொன்னாள். அன்றைக்கு எத்தனை மணிக்கு வந்தீர்கள், எங்கே நின்றீர்கள். எல்லாவற்றுக்கும் சொன்னாள். அதிகாரி காகிதத்தைப் பார்த்தபடியே அடுத்த கேள்வியை ஆரம்பித்தார்.

"மேற்பார்வையாளர் சொல்றதுக்கு நீங்க என்ன..."

திரை அணைந்தது.

தங்கை பொத்தானை அழுத்தினாள். இன்னொரு தடவை அழுத்தினாள். கறுப்புக் கண்ணாடியில் இரண்டு முகம்தான் தெரிந்தது. அதிகாரி நிமிரவே இல்லை, கேட்டுக்கொண்டே போனார். "விளக்கு எரிஞ்சும் நீங்க கவனிக்காம இருந்தீங்கன்னு சொல்றார். அதை ஒத்துக்கறீங்களா?"

 அக்கா கறுத்துப்போன திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒத்துக்கறீங்களா இல்லையா?"

தங்கை கையை உயர்த்தினாள். வக்கீல், "சார், அவங்க ஜாடை காட்டறாங்க" என்றார். கை தானாக இறங்கியது. வாய் வரைக்கும் வந்த வார்த்தையை விழுங்கினாள்.

"மூணாவது தடவை கேக்கறேன். பதில் சொல்லப் போறீங்களா?" அதிகாரி பக்கத்திலிருந்த எழுத்தரிடம் திரும்பினார். "சரி, எழுதிக்குங்க. பதில் இல்லை."

எழுத்தரின் பேனா ஓடியது. அந்தச் சத்தம் தங்கைக்குத் தெளிவாகக் கேட்டது. பத்தொன்பது வருடத்தையும் அந்த இரண்டு வார்த்தை தின்றுவிடும் என்று தெரிந்தது. பேசக்கூடாது, ஜாடை கூடாது, எழுதிக் காட்டக்கூடாது. லேப்டாப்பைத் திருப்பக்கூடாது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அவள் அதை இரண்டு கையாலும் தூக்கி, செத்த திரை அதிகாரியைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்தாள்.

மேஜையில் அது மோதிய சத்தத்தில் அதிகாரி அன்றைக்கு முதல் தடவையாகத் தலையைத் தூக்கினார்.

அவர் முகம் மாறியதை அக்கா பார்த்தாள். எழுத்தரின் பேனாவைப் பார்த்தாள். எழுந்து நின்றாள்.

"சார், என்னமோ கேட்டீங்க போல. என்னன்னு எனக்குத் தெரியாது" என்றாள். அந்தக் குரல் படிக்கட்டு வரைக்கும் கேட்டிருக்கும். "இது அணைஞ்சு போச்சு. இப்ப நீங்க கேட்டுட்டே இருந்தீங்க, நான் சும்மா உக்காந்திருந்தேன். அவரு ஏதோ எழுதினாரு. நான் பதில் சொல்லலைன்னுதானே எழுதினாரு?"

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கும் இதேதான் சார் நடந்துச்சு. விளக்கு எரியலை. மணி அடிச்சிருக்கு, எல்லாரும் கையை எடுத்திருக்காங்க. நான் என் வேலையைப் பார்த்துட்டு இருந்தேன். வெளிச்சம் வந்தாத்தான் சார் எனக்குச் சத்தம். இப்போ நான் அலட்சியமாவா உக்காந்திருந்தேன்? நீங்களே சொல்லுங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.  முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.  பிறகு எழுத்தரிடம், "கடைசியா எழுதினதை அடிச்சிடுங்க" என்றார். மேற்பார்வையாளர் பக்கம் திரும்பினார். "அந்த விளக்கை யாரு சரி பார்க்கிறது?"

"அது... மின் பிரிவு சார்."

"கடைசியா எப்போ பார்த்தாங்க?"

மேற்பார்வையாளர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் தன் காகிதக் கட்டைப் புரட்டினார். வருகைப் பதிவேடு இருந்தது, பெல்ட் கிழிந்த புகைப்படம் இருந்தது, விளக்கைச் சோதித்த காகிதம் மட்டும் இல்லை.

"எழுதிக்குங்க" என்றார் அதிகாரி எழுத்தரிடம். "பதில் இல்லை."

அதற்கப்புறம் அவர் செய்ததைத் தங்கை எதிர்பார்க்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து, மேஜையைச் சுற்றி வந்து, அக்காவின் எதிரே இருந்த காலி நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்துக்கு நேர் முகமாக. பிறகு வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"நாளைக்கு... வேலைக்கு... வாங்க. முடிவு... அப்புறம்... எழுதறேன்."

அக்கா அந்த உதட்டையே பார்த்தாள். "விளக்கு?" என்று கேட்டாள்.

"எரியும். விளக்கு... சரியா... இருந்தாத்தான்... பெல்ட்... ஓடும்."

தங்கைக்கு அதுவரை அடக்கி வைத்த அழுகை அப்போதுதான் வந்தது. தட்டுவதற்கு விரல்களுக்கு வேலை இல்லாததால் அவை மடியில் சும்மா கிடந்தன. பேசினால் வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று அந்த நேரத்திலும் பயம் இருந்ததால் சத்தமில்லாமல் அழுதாள்.

வாசலில் காவலாளி கைபேசிகளைத் திருப்பிக் கொடுத்தார். புருஷனிடமிருந்து மூன்று செய்தி வந்திருந்தது. கடைசியில், "புள்ளியைக் குறைச்சியா? பேட்டரி எவ்ளோ நேரம் தாங்குச்சு?" என்று கேட்டிருந்தார்.

வெயிலில் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்துகொண்டே அவள் ஒற்றை விரலால் அடித்தாள்: "சரியான நேரத்துல செத்துச்சுங்க. வந்து சொல்றேன்."

அக்கா அதை எட்டிப் படித்துவிட்டு, தெருவே திரும்பிப் பார்க்கிற குரலில், "என் பழைய லேப்டாப்பைத் திருப்பி வாங்கிட்டு வாங்கன்னும் போடுடி" என்றாள்.